சிவன்மலைப் பாறைகளின் வேதியியலும் பதிற்றுப்பத்தின் மணிக்கற் குறிப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்னும் ஊர் பற்றி வரும் குறிப்புகளும், உழுத படைச்சாலில் மணி கிடைப்பதாக வரும் குறிப்பும் கொங்குநாட்டு மணிக்கற்களோடு இணைத்துப் பேசப்பட்டு வருகின்றன. அவ்விணைப்பு எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பதைக் காங்கேயம் வட்டாரப் பாறைகளின் வேதியியல் இயைபையும் தோற்றத்தையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தீவு வில் எரிமலைப் பாறைகளோடு ஒப்பிடும்போது சிவன்மலைப் பாறைகளின் தனித்தன்மை தெளிவாகிறது. குருந்தக்கல், பெரில் ஆகிய இரண்டும் ஒரே பாறையில் பிறக்க இயலாதவை என்பதும், இவ்வட்டாரத்தில் அவை அருகருகே கிடைப்பதற்குரிய காரணமும் விளக்கப்படுகின்றன. பழம்பாடல்களில் வரும் மணிப்பெயர்களை நிறத்தை மட்டும் கொண்டு அடையாளப்படுத்துவது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச் சொற்கள்: சிவன்மலை, கொடுமணம், படியூர், குருந்தம், பெரில், வைடூரியம், தீவு வில், சிலிக்கா.

முன்னுரை

பின்னலாடைத் தொழிலால் இன்று உலகறிந்த திருப்பூர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு தொழிலால் அறியப்பட்ட நிலப்பகுதியில் அமைந்துள்ளது. நொய்யல் ஆற்றின் வடகரையில், இன்றைய ஈரோடு மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கொடுமணல், மணிக்கற்களைப் பட்டை தீட்டித் துளையிட்டு மணிகளாக்கிய தொழிலூர். அதற்குரிய மூலக்கற்கள் கிடைத்த இடங்களாகத் தொல்லியலாளர் சுட்டும் படியூரும் சிவன்மலையும் திருப்பூர் மாவட்டக் காங்கேயம் வட்டாரத்தைச் சேர்ந்தவை.

தமிழ் ஆய்வுலகில் இச்செய்தி பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. எனினும் ‘சிவன்மலையில் நீலக்கல், படியூரில் பெரில்’ என்னும் அளவில் கூற்று நின்றுவிடுகிறது. ஒரே வட்டாரத்தில், அண்மையிலுள்ள இரண்டு இடங்களில் ஏன் இரு வேறு மணிகள் பிறந்தன? ஒன்றில் பிறந்தது மற்றொன்றில் ஏன் பிறக்கவில்லை? இவ்வினாக்களுக்கு விடை பாறையின் வேதியியலில் உள்ளது. அவ்விடை தெரியாதபோது, பாடலில் வரும் ‘மணி’, ‘கலம்’ முதலிய சொற்களுக்கு உரை காண்பவர் தாம் விரும்பிய மணியைப் பொருத்திவிடும் நிலை நேர்கிறது.

பழைய புவியியல் பதிவுகளைத் தேடுவோர் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். புவியியல் நூல்களில் இக்குன்றின் பெயர் ‘சிவமலை’ என்றே எழுதப்படுகிறது. திருப்பூர் மாவட்டம் 2009இல் தான் உருவாக்கப்பட்டது. ஆங்கிலேயர் காலப் பதிவுகளில் இப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தின்கீழ் இடம்பெறும்.

இலக்கியக் குறிப்புகள்

பதிற்றுப்பத்தில் கொடுமணம் இருமுறை இடம்பெறுகிறது. செல்வக்கடுங்கோ வாழியாதனைக் கபிலர் பாடிய ஏழாம் பத்தின் 67ஆம் பாடல் ஒன்று. பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தின் 74ஆம் பாடல் மற்றொன்று. இரண்டிலும் கொடுமணத்தோடு பந்தர் என்னும் ஊரும், அதனோடு முத்தும் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. 74ஆம் பாடல், கொடுமணத்துக் கலன்களைத் தொழில்திறத்தால் மாண்புற்ற அரிய கலன்கள் எனச் சிறப்பிக்கிறது. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பந்தரிலிருந்து வருவது முத்து எனப் பொருளின் பெயர் கூறப்படுகிறது. கொடுமணத்துக்கோ எந்த மணியின் பெயரும் கூறப்படவில்லை, வேலைப்பாடே கூறப்படுகிறது.

மூன்றாவது குறிப்பு, ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய ஆறாம் பத்தின் 58ஆம் பாடலில் உள்ளது. சிற்றிலை வேலமரங்கள் பெரியனவாகத் தோன்றும் புன்புலத்தை உழவர் பகடு பூட்டி உழ, கொழு கீறிய வழியில் ஒளிவிடும் மணி கிடைக்கும் நாட்டுக்கு உரியவன் என அரசன் போற்றப்படுகிறான். ஊர்ப்பெயர் இதில் இல்லை. ஆயினும் காங்கேயம் வட்டாரத்தை அறிந்தவர்க்கு இந்நிலக்காட்சி அயலானதன்று. மழை குறைந்த மேட்டுநிலம், வெள்வேல மரங்கள் நின்ற கொறங்காடு, காளைகளுக்குப் பெயர்பெற்ற ஊர்கள் ஆகியன இன்றும் அங்கு உள்ளன.

இம்மூன்று குறிப்புகளையும் மெய்ம்மைச் செய்திகளாகக் கொள்ளலாமா, புகழ்ச்சி மரபாகக் கொள்ள வேண்டுமா என்பதே வினா. வளநாட்டில் மணியும் பொன்னும் எளிதிற் கிடைப்பதாகப் பாடுவது புலமை மரபுகளுள் ஒன்று. ஆகவே இலக்கியச் சான்றை மட்டும் கொண்டு முடிவு காண இயலாது.

அகழாய்வுச் சான்று

கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிப் பல பருவங்கள் அகழாய்வு நடத்தியது. எ. சுப்பராயலு, கா. ராஜன் ஆகியோர் இப்பணியில் முதன்மைப் பங்கு வகித்தனர். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகம் 2012–13இல் அகழாய்வு மேற்கொண்டது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் அங்கு அகழாய்ந்துள்ளது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள், இரும்பு உருக்கு உலைகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் ஆகியவற்றோடு மணித்தொழிலுக்குரிய நேரடித் தடயங்களும் கிடைத்தன. முழுமையுற்ற மணிகள் மட்டுமன்றி, மூலக்கற் கட்டிகள், உடைத்தெடுத்த சில்லுகள், பட்டை தீட்டித் துளையிடாதவை, துளையிடும்போது உடைந்தவை எனத் தொழிலின் ஒவ்வொரு படிநிலையும் வெளிப்பட்டது. விற்பனைக்கு வந்த மணிகள் கிடைக்கும் ஊருக்கும் மணி செய்யும் ஊருக்கும் உள்ள வேறுபாட்டை இக்கழிவுப் பொருள்களே காட்டுகின்றன.

மூலக்கற்களுள் பெரில் படியூரிலிருந்தும், நீலக்கல் சிவன்மலையிலிருந்தும், படிகக்கல் வெங்கமேட்டிலிருந்தும் பெறப்பட்டிருக்க வேண்டும் என்று அகழாய்வாளர் கருதினர். கார்னீலியன், அகேட் போன்றவை தக்காண எரிமலைப் பாறைப் பகுதியிலிருந்து வந்தவை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கிந்தியாவில் வெள்ளமெனப் பரவிய பாசால்ட்டின் குமிழித் துளைகளில் சிலிக்கா படிந்து உருவானவை அவை. லாபிஸ் லாசுலி ஆப்கானித்தானத்து மலைகளுக்குரியது. ஆகக் கொடுமணலின் கற்கள் உள்ளூர்க் கற்கள், வந்த கற்கள் என இரு பிரிவின. உள்ளூர்க் கற்களின் பிறப்பை அறியப் பாறை பிறக்கும் முறையை அறிதல் வேண்டும்.

தீவு வில் பாறைகள்: ஓர் ஒப்பீடு

பாறைக்குழம்பு குளிர்ந்து உறைவதால் அமைவன தீப்பாறைகள். அவை எங்கு, எவ்வாறு பிறந்தன என்பதை அவற்றின் வேதியியல் இயைபு காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் இதற்கு ஏற்ற சான்று அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு. இந்திய நிலத்தட்டு கிழக்கே பர்மா நிலத்தட்டின் அடியில் அமிழ்கிறது. அமிழும் தட்டு, கடலடிப் பாறையில் கலந்துள்ள நீரையும் உடன்கொண்டு செல்கிறது. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் மிகும்போது அந்நீர் வெளியேறி மேலுள்ள கவசப் பாறைக்குள் புகுகிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அவ்வாறு உருகி எழும் குழம்பு எரிமலையாக வெளிப்படுகிறது. இத்தகைய எரிமலைகள் அமிழ்வுப் பள்ளத்துக்கு இணையாக வில்போல் வளைந்த வரிசையில் அமைவதால் அவ்வரிசை ‘தீவு வில்’ எனப்படுகிறது. நிக்கோபாரைக் குறிக்கும் மாநக்கவாரம் முதலாக முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும் கடல்கடந்த ஊர்களுள் பல, அந்தமானிலிருந்து சுமத்திரா வழியாகச் செல்லும் இவ்வமிழ்வு மண்டலத்தை ஒட்டியவை.

பேரன் தீவின் வெடிப்பு 1787இல் முதன்முறையாகப் பதிவு செய்யப்பட்டது. நீண்ட இடைவெளிக்குப் பின் 1991இல் மீண்டும் தொடங்கியது. அதன் பாறைகள் பெரும்பாலும் பாசால்ட்டும் பாசால்ட் சார்ந்த ஆண்டிசைட்டும் ஆகும். அதற்கு வடக்கேயுள்ள நார்கொண்டம் தீவில் சிலிக்கா மிகுந்த ஆண்டிசைட்டும் டேசைட்டும் காணப்படுகின்றன. பாசால்ட்டில் சிலிக்கா 45 முதல் 52 விழுக்காடு வரையிலும், ஆண்டிசைட்டில் 57 முதல் 63 விழுக்காடு வரையிலும் இருக்கும். தீவு வில் பாறைகளுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. நீரில் கரைந்து எளிதிற் பெயரும் பேரியம், ஸ்ட்ரான்சியம், பொட்டாசியம் போன்றவை அவற்றில் மிகுந்திருக்கும். நீரால் பெயராத நியோபியம், டான்டலம் போன்றவை குறைந்திருக்கும். நீர் புகுந்ததால் உருகிய குழம்பு என்பதற்கு இதுவே சான்று.

சிவன்மலைப் பாறையின் இயைபு

சிவன்மலைக் குன்றும் அதனைச் சூழ்ந்த மேட்டுப்பகுதிகளும் நெஃபலின் சயனைட் என்னும் அரிய பாறைவகையால் ஆனவை. தாமஸ் ஹென்றி ஹாலந்து 1901இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வெளியீட்டில் இப்பாறைத் தொகுதியை விரிவாக விளக்கினார். சென்னைப் பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டவரும் இவரே. நெஃபலின் கொண்ட சயனைட்டும், குருந்தக்கல் கொண்ட சயனைட்டும் இங்கு ஒரே தொகுதியின் உறுப்புகளாக இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். இவை எரிமலையாக வெளிப்பட்டவை அல்ல. நிலத்தடியிலேயே குளிர்ந்து உறைந்தவை. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகள் பழமையுடைய இப்பாறைகள் பின்னர் மிகு வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டு உருமாற்றமும் பெற்றுள்ளன.

ஆண்டிசைட்டின் உலகளாவிய சராசரி இயைபையும் நெஃபலின் சயனைட்டின் சராசரி இயைபையும் ஒப்பிட்டால் வியப்பான செய்தி ஒன்று புலனாகிறது. முன்னதில் சிலிக்கா ஏறத்தாழ 58 விழுக்காடு. பின்னதில் ஏறத்தாழ 55. இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகுதியில்லை. ஆனால் சோடா, பொட்டாசு ஆகிய காரங்களின் கூட்டுத்தொகை முன்னதில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருக்க, பின்னதில் ஏறத்தாழ 14 விழுக்காடாக உள்ளது. அலுமினாவும் 17இலிருந்து 21ஆக உயர்கிறது. பாறையின் தன்மையை மாற்றுவது இக்காரப் பெருக்கமே.

காரங்கள் சிலிக்காவை ஈர்த்துக் கனிமங்களாகின்றன. ஒரு பங்கு சோடியம் மூன்று பங்கு சிலிக்கானோடு இணைந்தால் ஆல்பைட் என்னும் ஃபெல்ட்ஸ்பார் அமையும்; அதில் சிலிக்கா ஏறத்தாழ 69 விழுக்காடு. அவ்வளவு சிலிக்கா கிடைக்காதபோது, ஒரு பங்கு சோடியம் ஒரு பங்கு சிலிக்கானோடு மட்டும் இணைந்து நெஃபலின் ஆகிறது. அதில் சிலிக்கா 42 விழுக்காடே. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டு இல்லங்களில் ஏறக்குறைய ஒரே அளவு அரிசி இருக்கிறது. ஐவர் உண்ணும் இல்லத்தில் அது சோறாகி மிஞ்சுகிறது. பதினால்வர் உண்ணும் இல்லத்தில் கஞ்சியாகிறது. மிஞ்சிய சோற்றைப் போன்றது ஆண்டிசைட் வகைக் குழம்பில் தனித்து உறையத்தக்க குவார்ட்ஸ். கஞ்சியைப் போன்றது நெஃபலின். நெஃபலினும் குவார்ட்ஸும் ஒரே பாறையில் அருகருகே உறைவதில்லை. சேர்ந்தால் இரண்டும் இணைந்து ஆல்பைட்டாகிவிடும்.

ஆகவே சிவன்மலைப் பாறையைச் ‘சிலிக்காப் பற்றாக்குறைப் பாறை’ எனலாம். இப்பற்றாக்குறையே குருந்தக்கல்லின் பிறப்புக்குக் காரணம்.

குருந்தமும் பெரிலும்

குருந்தக்கல் என்பது அலுமினா மட்டுமே கொண்ட கனிமம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘கோரண்டம்’ என்னும் பெயர் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதிலிருந்து சென்றது எனச் சொற்பிறப்பு அகராதிகள் குறிக்கின்றன. இரும்பும் டைட்டானியமும் சிறிதளவு கலந்தால் நீலக்கல். குரோமியம் கலந்தால் மாணிக்கம். இரண்டும் ஒரே கனிமத்தின் நிறவேறுபாடுகள்.

ஃபெல்ட்ஸ்பாரிலும் நெஃபலினிலும் காரமும் அலுமினியமும் ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் இணைகின்றன. காரங்கள் எடுத்துக்கொண்டது போக அலுமினா எஞ்சினால், சிலிக்கா மிகுந்த பாறையில் அது சிலிக்காவோடு கூடி அபிரகம், சில்லிமனைட் முதலிய கனிமங்களாகிவிடும். சிலிக்கா குறைந்த பாறையிலோ எஞ்சிய அலுமினாவுக்குத் துணை கிடைப்பதில்லை. அது தனித்தே குருந்தமாக உறைகிறது. சிவன்மலைத் தொகுதியில் குருந்தம் அமைந்த முறை இதுவே. குவார்ட்ஸ் மிகுந்த சாதாரணக் கருங்கல்லில் நீலக்கல்லைத் தேடுவது வீண் என்பதும் இதனால் விளங்கும்.

பெரில் இதற்கு நேர்மாறானது. பெரிலியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியன சேர்ந்த அக்கனிமத்தில் சிலிக்கா ஏறத்தாழ 67 விழுக்காடும், அலுமினா 19 விழுக்காடும், பெரிலியம் ஆக்சைடு 14 விழுக்காடும் உள்ளன. பெரிலியம் புவியோட்டில் மிக அரிது. கிரானைட்டுக் குழம்பு உறையும்போது முன்னர் உறையும் கனிமங்கள் பெரிலியத்தை ஏற்பதில்லை. இறுதிவரை உறையாமல் எஞ்சும் நீர்த்த குழம்பில் அது சேர்ந்துகொண்டே வருகிறது. அவ்வெச்சக் குழம்பு பாறைப் பிளவுகளில் புகுந்து மெல்ல உறைவதே பெக்மடைட் என்னும் பருமணிப் பாறை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் பெருங்கட்டிகளாக அமையும் அப்பாறையில் பெரிலும் ஆறுபட்டைப் படிகமாக வளர்கிறது. படியூர்ப் பெரில் இத்தகைய பெக்மடைட்டுக்குரியது. இரும்பு சிறிதளவு கலந்ததால் கடல்நீரின் நிறம் பெற்ற வகை அது. படியூர்ச் சுரங்கம் 1819–20 காலத்தில் ஆங்கிலேயராலும் தோண்டப்பட்டது.

ஆகக் குருந்தம் சிலிக்காப் பற்றாக்குறையின் பிள்ளை. பெரில் சிலிக்கா மிகுதியின் பிள்ளை. இரண்டும் ஒரே பாறையில் பிறக்கவில்லை. இருவகைப் பாறைகளும் ஒருநாள் நடைத் தொலைவுக்குள் அமைந்ததே கொங்குநாட்டின் பேறு.

இரு பாறைகள் அருகமைந்த காரணம்

காங்கேயம் வட்டாரம் பாலக்காடு–காவிரிப் பிளவு மண்டலம் எனப்படும் நெடும் பகுதியை ஒட்டியுள்ளது. பழங்காலத்தில் இரண்டு நிலத்திட்டுகளுக்கு இடையே இருந்த கடல் ஒன்று மூடிக்கொண்ட தழும்பு இது என்பது புவியியலாளர் பலரின் கருத்து. நாமக்கல்லை அடுத்த தேவனூர், காவிரியை அடுத்த மணமேடு முதலிய இடங்களின் பாறைகளில் தீவு வில்லுக்குரிய வேதியியல் அடையாளங்கள் இருப்பதாக ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. இன்று பேரன் தீவில் நிகழ்வது போன்ற ஒன்று, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கொங்குநாட்டுக்கு அருகிலும் நிகழ்ந்தது என்பது இதன் பொருள்.

கெவின் பர்க் முதலானோர் 2003இல் முன்வைத்த கருதுகோள் இங்குக் கருதத்தக்கது. நிலத்திட்டு ஒன்று பிளவுறத் தொடங்கும்போது கவசத்தின் ஆழத்தில் சிறுபகுதி மட்டும் உருகிக் காரம் மிகுந்த குழம்பு தோன்றுகிறது. பிளவு அகன்று கடலாகிறது. பின்னர் அக்கடல் தீவு வில்களை உண்டாக்கியவாறு மூடிக்கொள்ளும்போது, முன்பு பிறந்த காரப்பாறைகள் மோதலுக்கு இடையே அகப்பட்டு உருக்குலைகின்றன. எனவே உருமாறிய நெஃபலின் சயனைட்டுகள் பழங்கடல் மூடிய இடங்களைக் காட்டும் அடையாளக் கற்கள் என்பது அவர்களது துணிபு. சிவன்மலையின் உருமாறிய நிலையும் அது அமைந்த இடமும் இக்கருதுகோளோடு இயைகின்றன. மோதலால் தடித்து வெப்பமுற்ற புவியோடு உருகிச் சிலிக்கா மிகுந்த கிரானைட்டுக் குழம்புகளைத் தருவதும் பொது இயல்பு. காரப்பாறைக்கு அருகே பெக்மடைட்டுகள் அமைவதை இவ்வாறு விளங்கிக்கொள்ளலாம். குருந்தமும் பெரிலும் அருகருகே கிடைப்பது தற்செயலன்று. ஒரே நெடிய நிலவரலாற்றின் இரு வேறு கட்டங்கள் ஒரே வட்டாரத்தில் தடம் பதித்ததன் விளைவு.

படைச்சாலில் மணி

இப்பின்னணியில் 58ஆம் பாடலின் குறிப்பை மீண்டும் நோக்கலாம். வெயிலும் மழையும் பாறையைச் சிதைக்கும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே வேகத்தில் அழிவதில்லை. நெஃபலின் விரைந்து சிதைகிறது. ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிறது. குருந்தம் சிதைவதில்லை, கடினத்தன்மை அளவுகோலில் வைரத்துக்கு அடுத்த 9ஆம் இடம் அதற்குரியது. குவார்ட்ஸின் ஒப்படர்த்தி 2.65 ஆக, குருந்தத்தினது ஏறத்தாழ 4. ஆகவே சூழ்ந்த மண்ணை நீரும் காற்றும் கொண்டுசென்றாலும் குருந்தம் நிலத்திலேயே தங்கும். ஆண்டுதோறும் நிலத்தைக் கீறிப் புரட்டும் கொழு அதனை மேலே கொணரும். அதற்குச் சுரங்கம் வேண்டுவதில்லை.

பெரில் கிடைக்கும் முறை இதனின் வேறு. அதன் கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை. படிகம் பெருங்கட்டியாக வளர்ந்தாலும் விரிசல் மிகுந்திருக்கும். நல்ல கல் வேண்டுமாயின் பெக்மடைட்டு ஓடும் வழியே குழி தோண்டி எடுத்தல் வேண்டும். படியூரில் குழிகள் தோண்டப்பட்டமையும் இதனாலேயே.

எனவே புன்புலத்துப் படைச்சாலில் மணி கிடைத்தல் என்பது, குருந்தம் கொண்ட காரப்பாறை நிலத்தில் இயல்பாக நிகழத்தக்க நிகழ்ச்சி. அதனை வெறும் புகழ்ச்சி எனத் தள்ளிவிட வேண்டுவதில்லை. அதே வேளையில், பாடல் காங்கேயத்தையே பாடுகிறது என்று அறுதியிடவும் இயலாது. பாடலில் ஊர்ப்பெயர் இல்லை. மணியின் பெயரும் இல்லை. குருந்தம் கிடைக்கும் வேறு நிலங்களும் தென்னகத்தில் உண்டு. சிவன்மலை வட்டாரத்துக் குருந்தத்திலும் பெரும்பகுதி ஒளிபுகாத கல்லே. மணியாகத் தகுந்தது சிறுபகுதி. பாறை வேதியியல் தருவது இயலும் என்னும் சான்று மட்டுமே. நிகழ்ந்தது என்னும் சான்று அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்துவது ஆய்வு நேர்மைக்கு இன்றியமையாதது.

ஒளிபுகாத குருந்தமும் பயனற்றதன்று. அதனைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைக்கல் செய்வது தென்னகத்தின் பழந்தொழில். 9 கடினம் கொண்ட பொடி, 8 கடினத்துக்கு உட்பட்ட பெரிலையும் 7 கடினம் கொண்ட படிகக்கல்லையும் கார்னீலியனையும் மெருகிட வல்லது. மணியும் மணியை மெருகிடும் பொருளும் ஒரே வட்டாரத்தில் கிடைத்தமை, கொடுமணல் தொழிலூராக வளர்ந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது. தொலைநாட்டுக் கற்களும் இங்கு வந்து மணியானமைக்கும் இது விளக்கம் தருகிறது. 74ஆம் பாடல் மணியின் பெயரை விடுத்து வேலைப்பாட்டைப் போற்றுவது இந்நோக்கில் மிகப் பொருத்தமுடையது. பலநாட்டுக் கற்கள் வந்து சேரும் ஊரின் புகழ் ஒரு கல்லில் இல்லை, தொழிலில் உள்ளது.

நிறப்பெயரும் கனிமப்பெயரும்

பழம்பெயர்களை இன்றைய கனிமங்களோடு பொருத்தும்போது நிறம் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகிறது. இது பிழைக்கு இடந்தரும். ‘நீலமணி’ எனப்படும் கல் குருந்தமாகலாம், நிறமேறிய பெரிலாகலாம், வேறு நீலக் கல்லாகவும் ஆகலாம். ‘செம்மணி’ என்பது மாணிக்கமாகவோ கார்னீலியனாகவோ கார்னெட்டாகவோ இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் இவை பாறையாலும் பிறப்பாலும் வேறுபட்டவை.

வைடூரியம் இதற்குச் சிறந்த சான்று. இன்றைய வழக்கில் இச்சொல் பூனைக்கண் போன்று ஒளிக்கோடு தோன்றும் கிரைசோபெரிலைக் குறிக்கிறது. பெரிலியமும் அலுமினியமும் கொண்ட அக்கனிமத்தில் சிலிக்கா இல்லை, கடினத்தன்மை 8.5. ஆனால் பெரிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘பெரில்லோஸ்’ பிராகிருத ‘வேளுரிய’ என்பதிலிருந்து சென்றது என்பது பெரிதும் ஏற்கப்பட்ட கருத்து. வடமொழி ‘வைடூர்யம்’ அதனோடு உறவுடையது. பிராகிருதச் சொல்லுக்குத் திராவிட மூலம் காண்பாரும் உளர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, பெரில் இந்தியாவிலிருந்தே வருகிறது, பிற நாடுகளில் அரிது என்றும், தூய கடலின் பசுமையை ஒத்ததே சிறந்தது என்றும் குறிக்கிறார். அவர் சொல்லும் நிறம் படியூர்க் கல்லின் நிறத்தோடு ஒத்துள்ளது. ஆகப் பழஞ்சான்றில் வரும் வைடூரியத்துக்குப் ‘பூனைக்கண்’ என இன்றைய பொருளைக் கொண்டு உரை எழுதினால், கொங்குநாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பொருள் ஒன்று உரையிலிருந்தே மறைந்துபோகும்.

ஆகவே மணிப்பெயர் ஆய்வில் மூன்று படிநிலைகளை மேற்கொள்ளுதல் நலம். முதலாவது, பாடல் தருவது நிறமா, பெயரா, வேலைப்பாடா என்பதைப் பிரித்துணர்தல். இரண்டாவது, அகழாய்வில் கிடைத்த மணியின் கனிமத்தை ஒப்படர்த்தி, இராமன் நிறமாலை போன்ற சிதைவுறுத்தாத சோதனைகளால் உறுதிசெய்தல். மூன்றாவது, அக்கனிமம் பிறக்கத்தக்க பாறை அவ்வட்டாரத்தில் உண்டா எனக் காணுதல். மூன்றும் இசைந்தபின் அடையாளம் கூறுவதே தக்கது.

முடிவுரை

தீவு வில் பாறைகள் அமிழும் தட்டின் நீரால் உருகிப் பிறந்தவை, காரம் குறைந்தவை. சிவன்மலைப் பாறைகள் காரம் மிகுந்து, அதனால் சிலிக்காப் பற்றாக்குறைக்கு ஆட்பட்டவை. அப்பற்றாக்குறையே குருந்தத்தைத் தந்தது. படியூரின் சிலிக்கா மிகுந்த பெக்மடைட்டு பெரிலைத் தந்தது. இவ்விரு பாறைகளின் அண்மையே கொடுமணத்தின் தொழிலுக்கு அடிப்படை.

பதிற்றுப்பத்து 67, 74ஆம் பாடல்களின் கொடுமணக் குறிப்பு அகழாய்வாலும் பாறையியலாலும் வலுப்பெறுகிறது. 58ஆம் பாடலின் படைச்சால் மணி இயற்கைக்கு மாறுபடாத செய்தி; அதன் இடம் மட்டும் அறுதியிடப்படாதது. இவ்வேறுபாட்டைப் பேணாமல் எல்லாவற்றையும் காங்கேயத்துக்கே உரிமையாக்கினால் உறுதியான சான்றும் ஐயத்துக்கு உள்ளாகும்.

திருப்பூருக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட புன்புலம் விரைந்து மாறிவருகிறது. கொறங்காடுகள் மனையிடங்களாகவும் தொழிற்கூடங்களாகவும் ஆகின்றன. கொழு படாத நிலத்தில் மணி வெளிப்படுவதற்கு வழியில்லை. பழைய பெரில் குழிகள், குருந்தம் பொறுக்கிய நிலங்கள், அவற்றைப் பற்றி வேளாண் குடியினரிடம் வழங்கும் பெயர்கள், நினைவுகள் ஆகியவற்றைத் தமிழாய்வாளரும் புவியியலாளரும் இணைந்து களஆய்வின் மூலம் பதிவு செய்வது உடனடித் தேவை. உரைகாரர்க்கு வேண்டிய சான்றுகளுள் ஒருபகுதி இன்னும் அம்மண்ணிலேயே உள்ளது.